கோடு போடுங்கள், அடித்துவிடாதீர்கள்



தலவாக்கலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர், நம் நெடுநாள் வாசகி, போன மாதம் கடிதம் எழுதியிருந்தார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கட்டுரைக் கொப்பியில், மழை பெய்ததால் இஸ்தோப்பில் உட்கார்ந்து படித்ததாக எழுதியிருக்கிறது. டீச்சர் 'இஸ்தோப்பு' என்பதைச் சிவப்புப் பேனையால் அடித்துவிட்டு, மேலே 'விறாந்தை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அடுத்த நாள் காலை, மலைக்குப் போகிற வழியில், கூடையும் படங்குமாகத் தாய் வந்து நின்றாராம். சண்டைக்கு இல்லை. "எங்க வீட்டுல இஸ்தோப்புதானே டீச்சர் இருக்கு. விறாந்தைக்கு நாங்க எங்க போறது?"

நான் செய்தது சரியா, தப்பா என்று டீச்சர் நம்மிடம் கேட்கிறார். இந்த மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

முதலில் விறாந்தையையே எடுத்துக்கொள்வோம். அது தமிழா? போர்த்துக்கேயர் 'வராண்டா' என்றார்களே, அதன் உறவுக்காரச் சொல். இஸ்தோப்போ ஒல்லாந்தரின் 'ஸ்தூப்'. வீட்டு வாசலில் இருக்கிற மேடையை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். சிங்களத்தில் அது 'இஸ்தோப்புவ' ஆனது. நம் லயத்துக்கு வந்து இஸ்தோப்பு ஆனது. ஆக, டீச்சர் ஒல்லாந்தரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் போர்த்துக்கேயரை உட்கார வைத்திருக்கிறார்! நல்ல தமிழ்தான் வேண்டும் என்றால் திண்ணை என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் லயத்தில் எங்கே திண்ணை?

இஸ்தோப்பைத் தாண்டி உள்ளே போவோம். உள்ளே இருப்பது காம்பரா. அது போர்த்துக்கேயரின் 'காமரா', அதாவது அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சொல்லிச் சொல்லியே நமக்குப் பழகிப்போன அந்த ஒற்றை அறை. காம்பராக்கள் வரிசையாக நிற்கும் கட்டடத்துக்குப் பெயர் லயம், அல்லது லயன். அது ஆங்கிலேயரின் 'லைன்ஸ்'. பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் பிள்ளைக்காம்பரா. பிள்ளை தமிழ், காம்பரா போர்த்துக்கேயம்.

ஒரு லயத்து வீட்டின் வாசலில் ஒல்லாந்தர், உள்ளே போர்த்துக்கேயர், மொத்தக் கட்டடத்துக்கும் ஆங்கிலேயர். இலங்கையை ஆண்ட மூன்று வெள்ளைக்காரரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை. போர்த்துக்கேயராலும் ஒல்லாந்தராலும் இந்த மலைநாட்டைக் கடைசிவரை பிடித்து வைத்திருக்க முடியவில்லை. 1638இல் பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொருவையில் போர்த்துக்கேயப் படை அடிபட்டு அழிந்தது. கண்டி ராஜ்யம் விழுந்தது ஆங்கிலேயரிடம்தான், அதுவும் 1815இல். படைகளால் நிலைக்க முடியாத மலையில் சொற்கள் மட்டும் சத்தமில்லாமல் ஏறிவிட்டன. சிங்களக் கிராமத்துக்காரரின் வாய்வழியாக ஏறி, கோப்பிக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோரின் நாக்கில் குடியேறிக்கொண்டன.

பிள்ளை எழுதியது பிழை என்றால் அந்தப் பிழைக்கு முந்நூறு வருட வயது. அதைச் சிவப்புப் பேனையால் ஒரு நொடியில் அடித்துவிடலாமா?

இங்கே உங்களைக் கொஞ்சம் தூரமாக அழைத்துப் போகிறேன். இன்றைய துருக்கியில் பொகாஸ்கலே என்று ஒரு சின்ன ஊர். 3,300 வருடங்களுக்கு முன்னால் அதற்குப் பெயர் ஹத்துஷா. ஹிட்டைட் என்ற பேரரசின் தலைநகரம். 1906இல் அங்கே தோண்டத் தொடங்கியபோது ஆப்பு வடிவ எழுத்து குத்திய களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தன. கடிதங்கள், உடன்படிக்கைகள், வழக்குகள், நோய் தீர்க்கும் சடங்குகள். ஒரு பெரிய ஆபீஸின் பைல் அறையே மண்ணுக்குள் இருந்தது என்று வையுங்கள். 1915இல் பெட்ரிக் ஹ்ரோஸ்னி என்ற செக் நாட்டு அறிஞர் அந்த மொழியின் பூட்டைத் திறந்தார். சமஸ்கிருதத்துக்கும் கிரேக்கத்துக்கும் உறவான மொழி அது என்று தெரிய வந்தது.

அந்த ஆபீஸின் எழுத்தர்கள் எழுதியது ஹிட்டைட் மொழியில். ஆனால் நாட்டில் ஏராளமான சனங்கள் பேசியது லூவியன் என்ற இன்னொரு மொழி. ஹிட்டைட்டுக்கு அக்கா தங்கை முறை. எழுதிக்கொண்டே போகும்போது நடுவில் ஒரு லூவியன் சொல் வந்து விழுந்துவிடும். அப்போது எழுத்தர் என்ன செய்தார் தெரியுமா? அந்தச் சொல்லுக்கு முன்னால் சாய்வாக ஒரு சின்னக் கோடு, சில இடங்களில் இரண்டு கோடு, களிமண்ணில் குத்திவைத்தார். 'இது நம் ஆபீஸ் மொழி இல்லை, ஆனாலும் இந்த இடத்துக்கு இந்தச் சொல்தான்' என்று சொல்வதுபோல.

எல்லா லூவியன் சொல்லுக்கும் கோடு இருக்கிறதா என்றால் இல்லை. கோடு போட்டதெல்லாம் லூவியனா என்றால் அதுவும் இல்லை. எழுத்தர்களும் மனிதர்கள்தானே? ஆனால் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் அறிஞர்கள் ஒரு மொழியின் சொற்கள் பலவற்றைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். எழுத்தர் அந்தச் சொற்களை அடித்துவிட்டு 'சரியான' சொல்லை எழுதியிருந்தால் அவற்றில் பல நமக்குக் கிடைத்தே இருக்காது.

ஒரு பக்கக் குறிப்பு. லூவியன் மொழியில் தகப்பனுக்கு 'தாதிஸ்' என்று சொல். இதைப் படித்ததும் 'ஆகா, தாத்தா! அவர்களும் தமிழர்களே' என்று யாராவது ஒரு நண்பர் போன் எடுப்பார் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் ஐயா. குழந்தை வாயில் முதலில் வருகிற தா, மா, பா எல்லாம் உலகம் முழுக்க அம்மா, அப்பா, தாத்தா என்றுதான் ஆகின்றன. ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு கட்டக் கூடாது. ஒரு சொல் எங்கே, யார் வாயில், எந்த வேலைக்கு வந்தது என்று பார்க்க வேண்டும். அறிஞர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு சொல் வருகிற இடங்களையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று பார்த்து அர்த்தம் பிடிக்கிறார்கள். சில சொற்கள் மொத்தமாக ஒன்றோ இரண்டோ இடத்தில்தான் வருகின்றன. கேட்டுப் பார்க்க, பேசிய சனத்தில் ஒருவர்கூட இல்லை.

நம் மலைக்குத் திரும்புவோம். இங்கேயும் ஓர் ஆபீஸ் மொழி இருந்தது, ஒரு லயத்து மொழி இருந்தது. ஆபீஸில் ஆங்கிலம். அந்த ஆங்கிலத்துக்கு நடுவிலும் நம் சொற்கள் விழுந்துகொண்டே இருந்தன. பெரிய துரையை வெள்ளைக்காரர்களே தங்களுக்குள் 'பி.டி.' என்றார்கள், சின்ன துரையை 'எஸ்.டி.' என்றார்கள். பெரிய துரை, சின்ன துரை என்ற தமிழின் முதலெழுத்துகள்தான் அவை. கம்பளியை 'கம்ப்ளி' என்று எழுதினார்கள். கங்காணி என்ற சொல் சட்டப் புத்தகத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியத்தை மேற்பார்க்கிறவருக்கு இருந்த பெயர் கண்காணி. அது கப்பலேறி வந்து, ஆள் பிடிக்கிற, கடன் கொடுக்கிற, கூப்பாடு போடுகிற ஒருவருக்குப் பெயரானது.

துண்டு என்ற சொல்லும் அப்படித்தான் சட்டத்துக்குள் போனது. இன்று வீட்டில் துண்டு என்றால் குளித்துவிட்டுத் துவட்டுகிற துணி. நம் பாட்டன் காலத்தில் துண்டு என்றால் வயிற்றைக் கலக்கும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இந்த ஆளுக்கு இத்தனை ரூபாய் கடன் இருக்கிறது என்று எழுதிய சீட்டு வேண்டும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால் ஆள் கை மாறுவார். கடன் மட்டும் தீராது, அவரோடு கூடவே நடந்து போகும். 1921இல் சட்டம் போட்டுத்தான் அந்த முறையை ஒழித்தார்கள். ஒரு குடும்பத்தின் மொத்த வாழ்க்கையும் அந்தக் கடதாசியில் தொங்கியது. இந்த அர்த்தம் உங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியுமா?

துரைமார் தமிழ் படிக்கவும் புத்தகங்கள் அச்சடித்தார்கள். ஹ்ரோஸ்னி ஹிட்டைட் மொழியைத் திறந்த அதே 1915இல், கொழும்பில் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவரின் 'கூலி டமில்' வெளிவந்தது. அதற்கும் முன்னால் பெர்குசன் என்பவர் சின்ன துரைமாரின் சட்டைப் பைக்கு ஏற்ற மாதிரி ஒரு கையேடு போட்டிருந்தார். அதன் பெயர் என்ன தெரியுமா? 'இங்கே வா'. அதுதான் புத்தகத்தின் தலைப்பே! இங்கே வாருங்கள் இல்லை, வாங்க இல்லை. வா. இந்தக் கையேடுகளைப் பற்றி ஆழமாகத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் மு. நித்தியானந்தனின் 'கூலித் தமிழ்' நூலைத் தேடிப் படியுங்கள். 2014இல் வந்தது.

எனக்கு அந்தப் புத்தகங்கள் மேல் கோபமும் உண்டு, கொஞ்சம் நன்றியும் உண்டு. நம் சனம் பேசிய பேச்சை அந்தக் காலத்தில் வேறு யார் எழுதிவைத்தார்கள்? படித்த தமிழர்கள் அதைத் தமிழாகவே மதிக்கவில்லை. ஆனால் துரைக்கு எது தேவையோ அதுமட்டும்தானே அதில் இருக்கும்? வா, போ, வெட்டு, தூக்கு, ஏன் லேட்டு. பிள்ளை பிறந்த வீட்டில் என்ன பேசினார்கள், பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது எந்தப் பேச்சைப் பேசிச் சிரித்தார்கள், பஞ்ச காலத்தில் எதைச் சமைத்து அதற்கு என்ன பெயர் வைத்தார்கள்? துரைக்கு அது எதற்கு?

லயத்து மொழியில் எல்லாமே வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்ச் சொல்லையே எடுத்துப் புது வேலை கொடுத்திருக்கிறார்கள். 'பேர்' என்பதைப் பாருங்கள். "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று ஒரு அக்கா இன்னொரு அக்காவிடம் கேட்டால், கொழும்பிலிருந்து வந்தவருக்கு ஆட்களை எண்ணுகிற மாதிரிதான் கேட்கும். கேட்பது எத்தனை நாள் வேலை என்று. செக்ரோலில் பெயர் விழுந்தால் ஒரு நாள் சம்பளம். அப்படித்தான் பேர் என்பது நாளாகி, நாள் காசாகிவிட்டது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். அரை மனிதருக்குப் பெயர் வைத்த ஒரே இடம் நம் மலையாகத்தான் இருக்கும். அரைப்பேர் விழுந்த அன்று கடைக் கணக்கு, பிள்ளையின் டியூஷன் காசு, சீட்டுக் காசு எல்லாம் எப்படி ஆடிப்போகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஸ்டோர் என்ற சொல்லும் அப்படி ஒன்று. தேயிலை ஆலையை நாம் பேக்டரி என்றும் சொல்வோம், பெரியவர்கள் இன்றைக்கும் 'இஸ்டோரு' என்பார்கள். இலையை வாட்டி, அரைத்து, உலர்த்துகிற இடத்துக்கு ஏன் ஸ்டோர்? கோப்பிக் காலத்து மிச்சம் அது. கோப்பிப் பழத்தைத் தோலுரித்துக் காயவைத்து, கொழும்புக்கு அனுப்பும்வரை அடுக்கிவைத்த கட்டடம்தான் ஸ்டோர். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பிக் காலமே முடிந்து தேயிலை வந்துவிட்டது. செடி போனது, பழம் போனது, தோட்டத்துக்காரர்கள் பலர் கடனாளியாகிப் போனார்கள். சொல் மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. கோப்பியைக் கண்ணால் கண்டிராத சனம் நூறு வருடத்துக்கு மேலாக அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

தவறணையை மறந்துவிட்டேனே. தேயிலை நாற்று வளர்க்கிற இடமும் தவறணை, கள்ளு விற்கிற இடமும் தவறணை. நாற்றுத் தவறணை சிங்களத்து 'தவான'விலிருந்து வந்தது. கள்ளுத் தவறணை வெள்ளைக்காரரின் 'டவர்ன்' வழியில் வந்தது. இரண்டும் எங்கெங்கோ பிறந்து நம் வாயில் வந்து ஒரே முகமாகிவிட்டன. "அவரு தவறணைக்குப் போயிருக்காரு" என்று வீட்டில் சொன்னால் எந்தத் தவறணை என்று போன நேரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இனி லயம். இதற்கு இரண்டு கதை உண்டு. நம் இளைஞர்களில் பலர் 'குதிரை லாயம்தான் லயம்' என்று மேடையில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். எங்களைக் குதிரை மாதிரிக் கட்டிவைத்தார்கள் என்ற கோபம் அதில் இருக்கிறது. வேர் என்று பார்த்தால் லயனும் லயமும் ஆங்கில 'லைன்ஸ்'தான் என்பது என் முடிவு. தோட்ட ஆவணங்களில் 'கூலி லைன்ஸ்' என்றே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த லைன்ஸ் எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரப் பட்டாளத்திலிருந்து. சிப்பாய்களின் குடிசை வரிசைக்கும் லைன்ஸ், குதிரைகளைக் கட்டுகிற வரிசைக்கும் லைன்ஸ். விடியற்காலையில் தப்பு அடித்து ஆள் சேர்க்கிற பெரட்டுகூட 'பரேட்'டின் மகன்தான் என்று பலரும் சொல்வார்கள். தோட்டத்தைப் பட்டாளம் மாதிரிக் கட்டியவர்கள் பட்டாளத்துச் சொல்லையே எடுத்து நம் வீட்டுக்கு வைத்தார்கள். ஆக, நம் இளைஞர்கள் வேரில் வழுக்கினாலும் விஷயத்தில் அவ்வளவாக வழுக்கவில்லை.

இந்தச் சொல் இன்னும் எத்தனை நாள் இருக்கும்? 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட் வந்தபோது, ஏற்கனவே நடந்துகொண்டிருந்த 4,000 வீட்டுத் திட்டத்தோடு இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தார். ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு. கட்டி முடிந்தது எத்தனை, முடியாதது எத்தனை என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. அந்தச் சண்டையை விட்டுவிடக் கூடாது. ஆனால் தனி வீட்டுக்குப் போன குடும்பங்களில் பேச்சு மாறுவதைக் கவனித்தீர்களா? அங்கே காம்பரா 'ரூம்' ஆகிவிட்டது. இஸ்தோப்பு 'சிட்அவுட்' ஆகிவிட்டது. லயம் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு முகம் சுருங்குகிறது.

லயம் போக வேண்டியதுதான். கடைசி லயம் இடிகிற நாளில் நானும் வந்து கை தட்டுவேன். வீட்டை இடிக்கும்போது அதற்குள் பேசிய பேச்சையும் சேர்த்து இடிக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

கொழும்பில் கடையிலும் கார்மெண்ட்டிலும் வேலை செய்கிற நம் பிள்ளைகள், ஹட்டன் பஸ்ஸை விட்டு இறங்குகிறவரை ஒரு தமிழும், இறங்கிய பிறகு இன்னொரு தமிழும் பேசுகிறார்கள். தப்பில்லை. எல்லாருமே இடத்துக்கு ஏற்றபடி பேசுகிறவர்கள்தானே? ஆனால் 'எங்க அம்மா பேசுறது தமிழே இல்ல' என்று ஒரு பிள்ளை நினைத்துவிட்டால், அதற்கு நாமும் கொஞ்சம் பொறுப்பு. பாடசாலையும் பொறுப்பு.

டீச்சருக்கு என் பதில் இதுதான். பரீட்சை இருக்கிறது, புலமைப்பரிசில் இருக்கிறது. வினாத்தாளில் விறாந்தை என்றுதான் வரும். அந்தச் சொல் பிள்ளைக்குத் தெரியத்தான் வேண்டும், அதைச் சொல்லிக்கொடுப்பது உங்கள் கடமை. ஆனால் இஸ்தோப்பை அடிக்காதீர்கள். ஹத்துஷா எழுத்தர் செய்த மாதிரி, சொல்லுக்கு முன்னால் பென்சிலால் சாய்வாக ஒரு கோடு போடுங்கள். 'இது வீட்டுச் சொல், பரீட்சையில் இதற்கு விறாந்தை என்று எழுது' என்று சொல்லிக்கொடுங்கள். மாதம் ஒருமுறை, கோடு விழுந்த சொற்களையெல்லாம் பிள்ளைகளையே கரும்பலகையில் எழுதவையுங்கள். வீட்டில் பாட்டியிடம் கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். தமிழ்ப் பாடத்துக்கும் அதில் வேலை இருக்கிறது, வரலாற்றுப் பாடத்துக்கும் இருக்கிறது. செலவு ஒரு பென்சில்.

அந்தத் தாய்க்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கேட்ட கேள்வி நியாயமானது அம்மா.

வாசகர்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். லூவியன் சொல்லுக்கு அர்த்தம் கேட்க ஆள் இல்லை. நமக்கு இருக்கிறார்கள். இஸ்தோப்பில் வெயில் காய்ந்துகொண்டு, வெற்றிலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் 'பழைய சொல் ஏதாவது சொல்லுங்க' என்று கேட்டால் ஒன்றும் வராது. யாருக்குமே அப்படிக் கேட்டால் வராது. 'பொம்மக்கட்டு வேலையில என்ன பண்ணுவீங்க' என்கிற மாதிரி வேலையைக் கேளுங்கள். முதல் நாள் மலைக்குப் போன கதையைக் கேளுங்கள். மட்டக்கம்பு எதற்கு, கைக்காசு என்றால் எந்தக் காசு, கொந்தரப்பு எப்படிப் பேசுவார்கள், பிள்ளைக்காம்பரா ஆயா பிள்ளைகளை எப்படி அதட்டுவார் என்று கேளுங்கள். சொற்கள் தானாக வந்து விழும்.

விழுந்ததை அப்படியே எழுதி அனுப்புங்கள். சொல்லை மட்டும் தனியாக அனுப்ப வேண்டாம். அது வந்த முழு வாக்கியம் வேண்டும், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று வேண்டும். சொன்னவரின் பெயர் போட அவர் சம்மதித்தால் மட்டும் பெயர். எழுத்துப் பிழையைத் திருத்தி அனுப்பாதீர்கள். பாட்டி 'பெரட்டு' என்று சொன்னால் பெரட்டு, 'பிரட்டு' என்று சொன்னால் பிரட்டு. போனில் பேச்சைப் பதிந்து அனுப்பினாலும் சரி, கேட்டு எழுதிக்கொள்ள எங்கள் ஆபீஸில் ஆள் இருக்கிறார்கள்.

அடுத்த இதழிலிருந்து நடுப்பக்கம் இரண்டையும் இதற்கு விட்டுவிடுகிறோம். சமையல் குறிப்புப் பக்கம் கொஞ்ச நாளைக்கு ஒரு பக்கமாகச் சுருங்கும், கோபிக்க வேண்டாம். முதல் பட்டியலில் சமையல்கட்டுச் சொற்களையே போடலாம் என்று இருக்கிறேன். துரைமார் புத்தகத்தில் அவைதானே இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்